ஏசியில சூடு காத்தா? கேஸ் எங்கிட்டுப் போச்சுன்னு முதல்ல கேளுங்க

சித்திரை வெயில் ஆரம்பிச்சதுலேருந்து வர்ற கடிதத்துல பாதி கார் ஏசி பத்தித்தான். நம்ம கடக்கரைப் பக்கத்துல இருந்து வந்த நாலு கேள்விய இந்தத் தடவ எடுத்துக்கிட்டேன்.

கேள்வி (கீழக்கரை வாசகர்): அண்ணே, என் காருக்கு ஏழு வயசாச்சு. போன வருசம் ரெண்டு தடவ கேஸ் அடிச்சேன், அடிச்சா ஒன்றரை மாசம் ஜில்லுன்னு இருக்கு, அப்புறம் மெல்ல மெல்லக் கொறஞ்சு இப்ப சுத்தமா சூடு காத்துதான். ஒரு கடையில கடக்கரை வண்டினா அப்படித்தான், அப்பப்ப கேஸ் போட்டுக்கணும்ங்கிறாங்க, இன்னொரு கடையில கம்ப்ரசரையே மாத்தச் சொல்றாங்க. வாப்பாவ மதுரை ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போற வண்டி இது. என்ன பண்றது?

பதில்: தம்பி, ரெண்டு கடைக்கும் உடனே சரின்னு சொல்லிறாதீங்க. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகுற சாமான் இல்ல. பூட்டின பைப்புக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும், வருசக்கணக்கா அப்படியே இருக்கணும். ஒன்றரை மாசத்துல காலியாகுதுன்னா எங்கயோ ஓட்டை இருக்குன்னு அர்த்தம், ஓட்டைய அடைக்காம மறுபடி கேஸ் அடிக்கிறது காச காத்துல விடுறதுதான். அதவிடப் பெரிய நஷ்டம் ஒண்ணு இருக்கு. கேஸ அமுக்கித் தள்ளுற பம்புதான் கம்ப்ரசர், அதுக்கு வேண்டிய ஆயில் அந்த கேஸோட சேந்துதான் சுத்தி வருது, கேஸ் கொறஞ்ச வண்டிய அப்படியே ஓட்டுனா ஆயில் திரும்பி வராம கம்ப்ரசர் சுத்த முடியாம இறுகிப் பிடிச்சுக்கும், அப்ப நெசமாவே மாத்த வேண்டியதாயிரும். அதனால காத்து சூடானதும் ஏசி சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு வெறும் ஃபேன மட்டும் போட்டுக்கங்க.

இனி ஓட்டை எங்கன்னு பாப்போம். நம்ம ஊரு வண்டினா நான் முதல்ல குனிஞ்சு பாக்குறது கண்டன்சரத்தான், கேஸோட சூட்ட வெளிக் காத்துல விடுற பாகம் அது. ரேடியேட்டருக்கு முன்னாடி, கிரில்லுக்குப் பின்னாடி நிக்கும். முழுக்க அலுமினியம், வலை மாதிரி மெல்லிசான தகடு. கடல் காத்துல வர்ற உப்பு அதுல படிஞ்சு, ராத்திரி ஈரத்துல ஊறி, ஊசி குத்துன மாதிரி அரிச்சிரும். டார்ச் அடிச்சு கிரில் இடுக்கு வழியா நீங்களே பாருங்க. வெள்ளையா பூத்துப்போய், விரல் பட்டா தகடு உதிருதுன்னா சந்தேகம் அங்கதான். அதுல ஒரு எடத்துல மட்டும் எண்ணெய்ப் பிசுக்கா மண்ணு ஒட்டியிருந்தா இன்னும் நல்ல தடயம், கேஸ் வெளிய வரும்போது ஆயிலும் கொஞ்சம் கசியும்ல. அடுத்ததா பைப் சேருற எடத்துல இருக்க ஓ-ரிங்ங்கிற ரப்பர் வளையம், கம்ப்ரசர் முன்பக்க சீல், கடைசியா டேஷ்போர்டுக்குள்ள இருக்க கூலிங் காயில். காயில்னா டேஷ்போர்ட இறக்கணும், வேலை ஜாஸ்தி, அதனால மத்ததெல்லாம் பாத்துட்டுத்தான் அங்க கை வைக்கணும்.

கடைக்குப் போனா இப்படிக் கேளுங்க: "அண்ணே, நைட்ரஜன் ஏத்தி சோப்புத் தண்ணி போட்டு லீக் காட்டுங்க, நான் கூட நிக்கிறேன்." குமிழி வர்ற எடத்த கண்ணால பாத்துட்டு அப்புறம் பேசுங்க. கண்டன்சர்னா ஒட்டுப் போடுறத நான் விரும்ப மாட்டேன், ஒரு எடத்துல அரிச்சிருந்தா பக்கத்துலயும் அரிச்சிருக்கும், மாத்திருங்க. கூடவே டிரையரையும் மாத்தணும், சிஸ்டத்த திறந்தா ஈரம் உள்ள போகும், அந்த ஈரத்தப் பிடிச்சு வைக்கிறது அதுதான். அப்புறம் அரை மணி நேரமாவது வேக்கம் போட்டு, அதாவது உள்ள இருக்க காத்தையும் ஈரத்தையும் மிஷின் வச்சு உறிஞ்சி, மிஷின நிறுத்தி, பிரஷர் காட்டுற கேஜ் முள்ளு ஏறாம நிக்குதான்னு பாக்கணும். கடைசியாத்தான் கேஸ், அதுவும் எடை போட்டு. எத்தன கிராம்னு பானட்டுக்கு அடியில ஸ்டிக்கர் இருக்கும், சின்னக் காருக்கு பெரும்பாலும் அரைக் கிலோவுக்குள்ளதான். கை குத்துமதிப்புல அடிச்சு அளவுக்கு மேல போனாலும் கூலிங் கெடும். ஏழு வயசு வண்டிக்கு ஆர்134ஏ கேஸா இருக்கும், அதையும் ஸ்டிக்கர்ல பாத்துக்கங்க. வேற கேஸ கலந்து அடிக்க விடாதீங்க.

கம்ப்ரசர் போச்சான்னு தெரிஞ்சுக்க ஒரு சின்ன விசயம். கேஸ் ரொம்பக் கொறஞ்சா பிரஷர் சுவிட்சே கம்ப்ரசர ஓட விடாது, அது ஒரு பாதுகாப்பு. கம்ப்ரசர் முன்னாடி இருக்க கிளட்ச் டிக்னு பிடிக்கலங்கறத மட்டும் வச்சு கம்ப்ரசர் அவுட்னு சொன்னா ஒத்துக்காதீங்க. எஞ்சின் ஆஃப்ல, வெளிய 30 டிகிரி வெயில்னா கடையில மாட்டுற ரெண்டு பிரஷர் கேஜும் ஒண்ணுபோல 95 பிஎஸ்ஐ சுத்தி காட்டணும், 30, 40னு காட்டுனா கேஸ் இல்ல, அவ்ளோதான்.

கேள்வி (தங்கச்சிமடம், வாடகைக் கார் ஓட்டுறவர்): வண்டி ஓடும்போது நல்ல கூலிங் சார். பாம்பன் பாலத்துல கடலப் பாக்க ஆளுக கூடி டிராஃபிக்ல நின்னாலோ, கோயில் வாசல்ல வெயிட் பண்ணாலோ சூடாயிருது. பார்ட்டிங்க சண்டைக்கு வர்றாங்க.

பதில்: ஓடுனா கூலிங், நின்னா சூடுன்னு நீங்க சொன்னதுலயே பாதி விடை இருக்கு. ஓடும்போது எதிர்காத்து கண்டன்சர ஆத்துது, நின்னா அந்த வேலைய பானட்டுக்குள்ள கண்டன்சர்கிட்ட இருக்க ஃபேன் செய்யணும், அது செய்யல. ஏசியப் போட்டு பானட்டத் திறந்து பாருங்க, கொஞ்ச நேரத்துல ஃபேன் வேகமா சுத்தணும். கைய மட்டும் கிட்ட கொண்டு போகாதீங்க, எப்ப வேணா சுத்தும். சுத்தலன்னா ஃபியூஸ், ரிலே, கனெக்டர்னு வரிசையா பாருங்க. நம்ம பக்கம் மோட்டார் எரியறதுக்கு முன்னாடியே கனெக்டர் பின்னு பச்சை பிடிச்சிருக்கும், சுத்தம் பண்ணாலே சில வண்டி சரியாயிரும்.

ஃபேன் நல்லாயிருந்தா கண்டன்சர் இடுக்கு அடைச்சிருக்கும். நீங்க தினம் அரிச்சல்முனைக்கு சவாரி போறவரு, கச்சான்னு நம்ம சொல்ற தென்மேற்குக் காத்து அடிக்கிற மாசத்துல அந்த ரோட்டுல மணல் எப்படிப் பறக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. தனுஷ்கோடி போயிட்டு வந்த அன்னிக்கே கிரில் வழியா தண்ணி ஊத்திக் கழுவுங்க. ஆனா ஒண்ணு, போர் தண்ணி வேணாம். நம்ம ஊரு போர் தண்ணியில முக்கால்வாசி உப்புத் தண்ணிதான், அதால கழுவுறது உப்ப எடுத்துட்டு வேற உப்ப தடவுறது மாதிரி. குழாயில வர்ற காவிரித் தண்ணி ரெண்டு குடம் போதும். குடிக்கவே தண்ணி பாத்துப் பாத்துப் பிடிக்கிற ஊர்ல காருக்கா குடத்தச் சாய்க்கிறதுன்னு வீட்ல கேப்பாங்க, நியாயம்தான், அதனால காருக்கு முழுசா வேணாம், கண்டன்சருக்கு மட்டும் மெதுவா ஊத்துங்க. வாட்டர் சர்வீஸ்ல தண்ணி பீச்சுற பிரஷர் கன் வச்சு அடிச்சா தகடு மடங்கிப்போய் காத்து இன்னும் அடைச்சிரும். நிறுத்தும்போது முடிஞ்சவரைக்கும் வண்டி மூஞ்சி கடலப் பாக்காம நிறுத்துங்க.

கேள்வி (தேவிபட்டினம் வாசகி): அரை மணி நேரம் நல்லா வருது, அப்புறம் காத்தே கம்மியாயிருது. நிறுத்திட்டு கொஞ்ச நேரம் கழிச்சுப் போட்டா மறுபடி வருது. உள்ள ஒரு வாடையும் அடிக்குது. வீட்டுக்காரர் அப்பப்ப மீன் பெட்டியும் ஏத்துவாரு.

பதில்: தங்கச்சி, கூலிங் காயில்ல ஐஸ் கட்டுது. ஐஸ் அடைச்சா காத்து வராது, உருகுனதும் வரும். முதல்ல கேபின் ஃபில்டரப் பாருங்க, நிறைய வண்டியில முன் சீட்டுக்கு எதிர்ல இருக்க டப்பாவக் கழட்டுனா பின்னாடி இருக்கும், நீங்களே மாத்தலாம். ஃபில்டர் புதுசுன்னா காயில் எவ்வளவு ஜில்லாகுதுன்னு பாக்குற சென்சரப் பாக்கச் சொல்லுங்க. ஏசி போட்டா வண்டிக்கு அடியில தண்ணி சொட்டணும், நம்ம கடக்கரை ஈரக் காத்துக்கு நல்லாவே சொட்டும். சொட்டாம உள்ள கார்பெட் நனையுதுன்னா டிரெயின் பைப் அடைச்சிருக்கு, வாடைக்கும் அதான் காரணமா இருக்கலாம். மீன் பெட்டிக்கு அடியில தார்ப்பாய் விரிக்கச் சொல்லுங்க, ஐஸ் தண்ணியும் உப்புதான்.

கேள்வி (ஏர்வாடி வாசகர்): ஆன்லைன்ல கேஸ் கேன் ஓசோட விக்கிறாங்க, நானே ஏத்திக்கலாமா?

பதில்: வேணாம் தம்பி. அந்த கேஸ் வெளிய வந்தா மைனஸ் 26 டிகிரியில கொதிக்கிற சாமான், கையில பட்டா தோல் உறைஞ்சிரும், கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. தெரியாம ஹை சைடுல, அதாவது பிரஷர் அதிகமா இருக்க பைப்புல மாட்டுனா கேனே வெடிக்கும். உங்க வண்டியில எவ்வளவு மிச்சம் இருக்குன்னு தெரியாம எவ்வளவு ஏத்துவீங்க? அந்தக் காச வச்சு லீக் டெஸ்ட் பண்ணுங்க, மேல கீழக்கரைத் தம்பிக்குச் சொன்ன மாதிரி சோப்புக் குமிழிய நேர்ல பாத்துட்டு வாங்க.