வாழ்ந்து போதீரே – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் ஒரு கோயிலில் ஓதுவார் சுந்தரரின் ‘மீளா அடிமை’ பதிகத்தைப் பாடக் கேட்டேன். ராகம் அவ்வளவு இதமாக இருந்தது. வீட்டுக்கு வந்து உரையைப் புரட்டினால் பதினொரு பாட்டும் ஒரே சண்டை! ‘குற்றம் ஒன்றும் செய்ததில்லை’ என்கிறார். திருவொற்றியூரில் மணந்த சங்கிலியாரிடம் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு மீறியவர் அவர்தானே? அதனால்தானே கண் போனது? சாமியிடமே பொய் சொல்லி, ‘வாழ்ந்து போதீரே’, அதாவது ‘நீர் நல்லா இரும்’ என்று சாபம் மாதிரியும் சொல்லிவிட்டுப் போவதை எப்படிப் பக்திப் பாட்டு என்று எடுத்துக்கொள்வது?

க.

அன்புள்ள க.,

பக்திப் பாட்டு என்று ஆரம்பித்தால் இடிக்கத்தான் செய்யும். கொஞ்ச நேரம் அதை ஒதுக்கி வையுங்கள். ஆயுள் முழுக்கப் பழகிய இரண்டு பேருக்குள் தகராறு, அதில் ஒருவர் மட்டும் பேசுகிறார் என்று வைத்துப் படியுங்கள். சைவ மரபு சுந்தரருக்குக் கொடுத்த பெயரே தம்பிரான் தோழர். குண்டையூரில் நெல் கிடைத்தபோது, இதைத் தூக்கிவர ஆளில்லை, அனுப்பிவையும் என்று சிவனிடம் கேட்டவர் அவர். ‘ஆளிலை எம்பெருமான் அவை அட்டித் தரப்பணியே’ என்று அதற்கும் ஒரு பதிகம் இருக்கிறது.

ராகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இதன் பண், அதாவது பழந்தமிழ் ராகம், செந்துருத்தி. தேவாரத்தில் இந்தப் பண்ணில் இருப்பது இந்த ஒரு பதிகம்தான். இன்று மத்தியமாவதியில் பாடுகிறார்கள். கச்சேரியை மங்களகரமாக முடிக்கப் பாடுகிற ராகம். அதில் இவ்வளவு மனத்தாங்கல் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, பொய் விஷயத்துக்கு வருகிறேன். மீறியவர் அவர்தான், அது அவருக்கும் தெரியும். கண் போனதும் திருவெண்பாக்கத்தில், ‘பிழையுளன பொறுத்திடுவர் என்றடியேன் பிழைத்தக்கால்’ என்று பாடுகிறார். பொறுத்துக்கொள்வீர் என்ற தைரியத்தில்தான் தப்பு செய்தேன் என்கிறார். (பழைய வெண்பாக்கம் இப்போது பூண்டி நீர்த்தேக்கத்துக்குள். கோயிலை வேறு இடத்தில் கட்டியிருக்கிறார்கள்.) ஆனால் 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் எழுதும் கதையைப் பார்த்தால், மறுதரப்பும் அவ்வளவு யோக்கியம் இல்லை. ஒற்றியூரில் சத்தியம் செய்வதற்கு முன் சுந்தரர் சிவனிடம் தனியாகப் போய், நான் சன்னதிக்கு வரும்போது நீர் மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று ஏற்பாடு செய்துகொள்கிறார். சரி என்ற சிவன், சங்கிலியாரிடம் போய், மகிழடியில் சத்தியம் செய்யச் சொல் என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறார். கூட்டாளியே காட்டிக்கொடுத்தாயிற்று. அப்புறம் ‘நான் ஒரு தப்பும் செய்யவில்லை’ என்று ஒருவர் கத்தினால், அந்த வரியைக் கோர்ட்டு வாக்குமூலம் போல நிறுத்துப் பார்க்க முடியாது.

நீங்கள் சொன்ன அந்தப் பாட்டை முழுசாகப் பார்ப்போம்.

விற்றுக் கொள்வீர் ஒற்றி அல்லேன்
விரும்பி ஆட்பட்டேன்
குற்றம் ஒன்றும் செய்த தில்லை
கொத்தை ஆக்கினீர்
எற்றுக்கு அடிகேள் என்கண் கொண்டீர்
நீரே பழிப்பட்டீர்
மற்றைக் கண்தான் தாராது ஒழிந்தால்
வாழ்ந்து போதீரே

கொத்தை என்றால் குருடு. என்னை நீர் விற்கலாம், நான் ஒற்றி (அடமானம்) வைத்த பொருள் இல்லை, விரும்பி வந்து ஆளானவன் என்கிறார். உண்மையில் நடந்தது என்ன? இளம் வயதில் சுந்தரருக்கு நடக்கவிருந்த கல்யாணத்தின் பந்தலுக்கு ஒரு கிழவராக வந்து, உன் பாட்டன் எழுதிக்கொடுத்த அடிமை ஓலை என்று நீட்டி, வழக்காடி, மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனவர் சிவன். அன்றைக்கு அவரைப் பித்தன் என்று ஏசியவர் இவர். அந்த ஓலைக்குத்தான் இப்போது விற்பனை, ஒற்றி என்று பத்திர மொழியிலேயே பதில் வருகிறது. உம்முடைய ஓலைக்காக நான் வரவில்லை, நானாக வந்தேன் என்று. கணக்குப் பார்த்தால் ‘குற்றம் செய்ததில்லை’ என்பதைவிட இதுதான் பெரிய பொய். ஆனால் இத்தனை வருஷப் பழக்கத்தில் அது உண்மையாகிவிட்டது. பழைய சிநேகிதர்கள் சண்டை போடும்போது ஆரம்பக் கதையைத்தான் முதலில் மாற்றிச் சொல்வார்கள்.

கண்தான் பிரச்சினை என்றும் எனக்குத் தோன்றவில்லை. இந்தப் பதிகம் பாடிய திருவாரூருக்கு வருவதற்குள் ஒரு கண் காஞ்சியிலேயே வந்துவிட்டது. மறுகண்ணைத் தாரும் என்ற பேச்சு, நீங்கள் பார்த்த இந்த ஒரு இடத்தோடு சரி. திரும்பத் திரும்ப வருகிற குறை வேறு. முதல் பாட்டில், அடியார் துன்பத்தைச் சொன்னால் ‘வாளாங் கிருப்பீர்’, சும்மா இருப்பீர் என்கிறார். ஒன்பதாம் பாட்டில் ‘வாய்தான் திறவீர்’. வெண்பாக்கத்தில் ‘கோயிலுளாயே’ என்று கேட்டபோது உள்ளேயிருந்து ‘உளோம் போகீர்’ என்று ஒரு பதிலாவது வந்தது. இருக்கிறோம், போம். பழகின ஆளிடம் பேசுகிற பேச்சா அது? ஆரூரில் அதுவும் இல்லை. அந்தப் ‘போகீர்’ மனசில் தைத்துத்தான் பாட்டுக்குப் பாட்டு ‘போதீரே’ என்று திருப்பிக் கொடுக்கிறார் என்பது என் வாசிப்பு. நீங்கள் சாபம் என்று கேட்டது இந்தச் சூட்டைத்தான். ஆனால் கோபத்தின் உச்சியிலும் வாயில் வருவது வாழ்ந்து போம் என்பதுதானே.

அந்த ஒன்பதாம் பாட்டு இப்படித் தொடங்குகிறது: ‘பேயோ டேனும் பிரிவொன் றின்னா தென்பர் பிறரெல்லாம்’. பேயோடு பழகினாலும் பிரிவது கஷ்டம் என்று ஊரார் சொல்கிறார்களாம். இதை அவர் ஊரார் தலையில் போடுகிற அழகைக் கவனியுங்கள். உம்மைப் பிரிய முடியவில்லை என்று நேராகச் சொல்ல ரோஷம் விடவில்லை. அதே மூச்சில் பேய் என்றும் ஒரு குத்து.

மறுகண்ணும் கிடைத்தது. அதோடு நட்பு பழைய நிலைமைக்கு வந்துவிட்டது என்பதற்கு அடையாளம் அடுத்த வம்புதான். ஒற்றியூர்க் கல்யாணம் தெரிந்து, ஆரூரில் இருந்த மூத்த மனைவி பரவையார் வீட்டுக்குள் விடவில்லை. சமாதானம் பேச சுந்தரர் சிவனையே தூது அனுப்புகிறார், ஒரே ராத்திரியில் இரண்டு தடவை.

இதைக் கேள்விப்பட்டு ஏயர்கோன் கலிக்காமர் என்ற நாயனார் கொதித்துப்போனார். ஆண்டவனைப் பெண் வீட்டுக்குத் தூது அனுப்புகிறவனும் ஒரு தொண்டனா என்று. பெரியபுராணத்தில் அவர் கதையைத் தேடிப் படியுங்கள், அவர் உங்கள் கட்சி.