ஊர்ச் சபையும் பெங்களூர் ஞாயிறும் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தோத்திரம். என் சொந்த ஊர் பாளையங்கோட்டை. நான்கு ஆண்டுகளாக பெங்களூர் மாரத்தஹள்ளியில் தங்கி மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை பார்க்கிறேன். ஞாயிறு காலையில் எங்கள் ஊர்ச் சபையின் ஆராதனையை யூடியூப் நேரலையில் பார்த்துவிடுகிறேன். காணிக்கையையும் கூகுள் பே வழியாக அனுப்பிவிடுகிறேன். இங்கே கன்டோன்மென்ட் பக்கமுள்ள ஒரு தமிழ்ச் சபைக்கு மூன்று வாரம் போய்ப் பார்த்தேன். ஒருவரும் என்னிடம் பேசவில்லை. கமிட்டித் தேர்தல் சண்டைதான் வாசல் வரை கேட்டது. வசனம் கேட்கவும் ஜெபிக்கவும் என் அறையே போதுமென்றிருக்க, ஒரு சபையில் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று வாரம் வந்துபோன ஒருவரிடம் 'எந்த ஊர்?' என்றுகூட யாரும் கேட்கவில்லையென்றால் அது அந்தச் சபையின் குறைதான்; அதற்குச் சமாதானம் சொல்லப்போவதில்லை.

ஆனால் சபையை வசனம் கேட்கும் இடமாக மட்டுமே உங்கள் கடிதம் பார்க்கிறது. கேட்பது மட்டும்தான் காரியமென்றால், எங்கள் ஐயர் (சபைக் குருவானவர்) கோபித்துக்கொண்டாலும் சரி, அவருடையதைவிட நல்ல பிரசங்கங்கள் கைப்பேசியில் கிடைக்கின்றன. சபை கூடிவருதலை விட்டுவிடாதிருக்கச் சொல்லும் எபிரெயர் 10:25ஐ எடுத்து வாசித்துப் பாருங்கள். அங்கே 'ஒருவருக்கொருவர் புத்திசொல்லக்கடவோம்' என்றிருக்கிறது. நேரலையில் நீங்கள் எல்லாரையும் பார்க்கிறீர்கள். உங்களை ஒருவரும் பார்ப்பதில்லை. நீங்கள் ஒரு மாதம் வராமற்போனாலும் அங்கே யாருக்கும் தெரியாது.

நானும் இந்நகருக்கு வந்த புதிதில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறி முடிப்பதற்குள் வெளியேறிவிடுகிறவனாகத்தான் இருந்தேன். ஒரு ஞாயிறு காணிக்கை எண்ண ஆள் குறைந்ததால், வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்த என்னை வெஸ்ட்ரிக்கு, அதாவது ஆலயத்தை ஒட்டிய அறைக்கு, அழைத்துப்போனார்கள். அன்றுமுதல் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரோடு வாராவாரம் மேசையில் சில்லறையைக் கொட்டி, பத்துப் பத்தாக அடுக்கி, கசங்கிய நோட்டுகளை உள்ளங்கையால் நீவி எண்ணினேன். எண்ணும்போது நான் வாய் திறந்துவிட்டால் அவர் முறைத்துப் பார்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். அரசியல் தொட்டு காப்பி வரை எங்களுக்குள் எதிலும் ஒத்துப்போனதில்லை. கணக்கு நோட்டில் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. ஒரு வாரம் உடம்பு சரியில்லாமல் கையெழுத்திட மறந்து வந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை மாலை, நோட்டை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பேருந்து மாறி, என் மூன்றாம் மாடி அறைக்கு அவர் வந்து நின்றார். நான் காய்ச்சலில் கிடந்தேன். முதலில் கையெழுத்தை வாங்கினார். அதன் பிறகுதான் அரிசி எங்கே இருக்கிறதென்று கேட்டார். அவர் வைத்த கஞ்சியில் உப்பில்லை. சொல்லவும் பயமாக இருந்தது.

கமிட்டிச் சண்டைக்கு வருகிறேன். அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில், அன்றாட உணவுப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசியவர்கள் எபிரெயர்மீது முறுமுறுத்தார்கள். பந்திச் சண்டை, அதிலும் மொழியை ஒட்டியது! அப்போஸ்தலர் பன்னிருவரும் சபையைக் கூட்டி ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு என்று அந்த ஏழு பெயர்களுமே கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பின் கையிலேயே பரிமாறும் பொறுப்பு போயிற்று என்றுதான் இதை நான் வாசிக்கிறேன். யாரும் பேசவில்லை என்ற உங்கள் குறையும் ஒரு வேலையாக மாறலாம்: வாசலில் நின்று புதிதாக வருகிறவர்களிடம் ஊர் கேட்பது. அந்தச் சபையில் இந்த வேலைக்கு ஆளில்லை என்பதற்கு நீங்களே சாட்சி.

எல்லாச் சண்டையையும் பொறுத்துக்கொள்ளச் சொல்வதாக எண்ண வேண்டாம். கணக்குக் காட்டாத சபையிலும், கேள்வி கேட்பவரைச் சாபம் சொல்லி மிரட்டும் போதகரிடமும் ஒரு ஞாயிறுகூட இருக்க வேண்டியதில்லை. தமிழ்ச் சபையாகத்தான் இருக்க வேண்டும் என்பதுமில்லை. துக்கத்தில் ஜெபம் தாய்மொழியில்தான் வருகிறது என்பதால் நான் தமிழில் நிற்கிறேன், அவ்வளவே. கன்டோன்மென்டின் பழைய தமிழ்ச் சபைகளும், 19ஆம் நூற்றாண்டில் பட்டாளத்தின் பின்னால் பிழைப்புக்கு வந்து, உங்களைப்போலவே ஊர்ச் சபையை விட்டுவந்தவர்கள் சேர்ந்து வளர்த்தவைதான்.

உங்கள் ஊர்ச் சபை தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்ததென்றால் வேலை எளிது. 1947 செப்டம்பர் 27 அன்று உருவான அந்தத் திருச்சபைக்குள்தான் நெல்லையும் வருகிறது, பெங்களூரும் வருகிறது. அடுத்த முறை ஊருக்குப் போகையில் உங்கள் குருவானவரிடம் சபை மாறுவதற்கான மாற்றுக் கடிதம் கேட்டு வாங்கி, இங்குள்ள குருவானவரிடம் நேரில் கொடுங்கள். மாரத்தஹள்ளியிலிருந்து கன்டோன்மென்ட் வாராவாரம் வந்துபோகும் தூரமா என்றால், போக்குவரத்தை நினைத்தால் எனக்கே தயக்கமாக இருக்கிறது. உங்கள் பக்கத்தில் வீட்டுக் கூட்டம் எதுவும் நடக்கிறதா என்று அப்போதே அவரிடம் விசாரித்துவிடுங்கள்.