செரட்டோனின் டெஸ்ட் இருக்கட்டும், கடைசி வரியைப் பேசுவோம்

பைக் விபத்துக்குப் பின் மனம் சரியில்லை, மனநிலையோடு தொடர்புள்ள மூளை ரசாயனமான செரட்டோனின் குறைந்துவிட்டதா, ரத்த டெஸ்ட் எடுக்கலாமா என்று கடிதத்தில் நிறைய எழுதியிருக்கிறீர்கள். என்னை நிறுத்தியது கடைசி வரிதான்: ‘அந்த பைக் விபத்திலேயே போயிருக்கலாம்.’

இந்த நினைப்பு வந்து போகிறதா, எப்படிச் சாவது என்று வழி தேடுகிறதா? வழி தேடினால் இன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், அவருடனே மனநலப் பிரிவுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். மாத்திரைகள் எல்லாம் அவர் பொறுப்பில் இருக்கட்டும். அந்த வேகம் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணியும். கைக்கெட்டும் பொருள்தான் அதற்குள் உயிரைப் பறிக்கிறது. நள்ளிரவானாலும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். இலவசம், தமிழில் பேசலாம். வந்து போகிற நினைப்புதான் என்றாலும் இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள்.

ரத்தத்தில் செரட்டோனின் பார்க்கத் தேவையில்லை. உடலில் உள்ளதில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில் உருவாவது; அது மூளைக்குள் நுழையாது. நீங்கள் சொல்லும் இமை துடிப்பு பெரும்பாலும் தூக்கக் குறைவால் வருவது, விட்டுத்தள்ளுங்கள்.

‘பைக்கில் கூட வந்தவன் நன்றாக இருக்கிறான், என் மூளை மட்டும் பிறவியிலேயே பலவீனமா?’ என்று கேட்கிறீர்கள். இல்லை. நெருக்கடியைத் தாங்க உடலுக்கு உதவும் ரசாயனமான நியூரோபெப்டைடு ஒய் பற்றி நீங்கள் படித்தது அமெரிக்க ராணுவப் பயிற்சி ஆய்வு. கடும் நெருக்கடியில் சிறப்புப் படையினருக்கு அது அதிகம் சுரந்து, ஒரு நாளில் பழைய அளவுக்குத் திரும்பியது. மற்ற வீரர்களுக்கு வற்றியிருந்தது. இவை குழுக்களின் சராசரி. தனி ஒருவர் தாங்குவாரா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. பழைய அதிர்ச்சிகளும் விபத்துக்குப் பின் கிடைத்த ஆதரவும்கூட அதைத் தீர்மானிக்கின்றன.

10 வாரமாகக் கெட்ட கனவு, ஹாரன் கேட்டால் தூக்கிவாரிப் போடுவது, பைக்கைத் தொடப் பயம். ஒரு மாதம் தாண்டியும் இவை நீடிப்பதால் பி.டி.எஸ்.டி., அதாவது பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயாக இருக்கலாம். பைத்தியம் அல்ல, சிகிச்சை உண்டு. பயந்து ஒதுக்கியதைப் படிப்படியாக எதிர்கொள்ளவைக்கும் சிகிச்சை, வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகள். மனச்சோர்வுக்கும் இதற்கும் தரும் செர்ட்ரலின் மாத்திரையைக் கொடுத்தால் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். முதல் வாரக் குமட்டலுக்குப் பயந்து சிலர் பாதியில் விடுகிறார்கள்.

நண்பர் கொடுத்த அல்பிரசோலம் என்ற பதற்ற மாத்திரையை ஆறு வாரமாக இரவில் போடுகிறீர்களே, யாரைக் கேட்டு? அது இந்த நோயைத் தீர்க்காது, பழக்கமாகிவிடும். பயந்துபோய் சட்டென்று நிறுத்தவும் கூடாது, வலிப்பு வரலாம். மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஆன்லைனில் வாங்கிய, உடலில் செரட்டோனினாக மாறும் 5-எச்டிபி மாத்திரையை மட்டும் இன்றே நிறுத்துங்கள். செர்ட்ரலினோடு சேர்ந்தால் நடுக்கம், காய்ச்சல், குழப்பம் என்று ஆபத்தில் முடியலாம். இரண்டு மருந்தின் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தக் கடைசி வரியையும் மறைக்காமல் சொல்லுங்கள்.