முகநூலில் ஏற்றியதும் கூறை ஏன் வெளிறிப்போகிறது? - படங்களின் நிறம் பற்றிய கேள்வி-பதில்

கலியாண சீசன் முடிந்த கையோடு வந்து குவிந்த கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, போட்டோஷொப்பில் பார்க்கும்போது கூறையின் சிவப்பு கண்ணைப் பறிக்கிறது. முகநூலில் ஏற்றினால் வெளிறிப்போய், பொம்பிளையின் முகமும் களையில்லாமல் தெரிகிறது. பழைய கமராவில் இந்தப் பிரச்சினை இருக்கவில்லை. - கிளிநொச்சி

புதுக் கமராவின் மெனுவில் ‘கலர் ஸ்பேஸ்’ (எவ்வளவு நிறத்துக்கு இடம் என்று சொல்லும் நிறவெளி) என்ற இடத்தைப் பாருங்கள், அனேகமாக அடோபி ஆர்ஜிபி என்று இருக்கும். அதில்தான் நிறம் கூட வரும் என்று யாரோ சொல்லி மாற்றியிருப்பார்கள். சொன்னது பொய்யில்லை, இணையத்தில் வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிறவெளியை விட அது பெரியதுதான், முக்கியமாகப் பச்சைப் பக்கம். ஆனால் படக் கோப்புக்குள் இருப்பது வெறும் எண்கள், அந்த எண்களை எந்த அளவையால் வாசிக்க வேண்டும் என்று சொல்லுவது கோப்போடு ஒட்டியிருக்கும் ஐசிசி புரொபைல். நெல் பத்து என்று ஒருவர் சொன்னால் பத்துக் கொத்தா பத்துப் புசலா என்று கேட்போம்தானே, அதே கதைதான். புரொபைல் கழன்றுபோன படத்தை பெரும்பாலான பிரவுசர்கள் எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும். எஸ்ஆர்ஜிபியில் 255 என்று எழுதுகிற முழுச் சிவப்பை அடோபி ஆர்ஜிபியில் 219 என்று எழுதுவார்கள். அந்த 219ஐக் கொண்டுபோய் எஸ்ஆர்ஜிபியாக வாசித்தால் கூறை மங்காமல் என்ன செய்யும்?

கமராவை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிடுங்கள். ரோவில் (கமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக) எடுப்பவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை, அந்த அமைப்பு ஜேபெக்கையும் முன்னோட்டத்தையும் மட்டும்தான் பாதிக்கும். ஏற்கெனவே எடுத்த படங்களுக்கு போட்டோஷொப்பின் எடிட் மெனுவில் ‘கன்வேர்ட் டு புரொபைல்’ போய் எஸ்ஆர்ஜிபியைத் தெரிவு செய்யுங்கள். அதற்குப் பக்கத்திலேயே ‘அசைன் புரொபைல்’ என்று ஒன்று இருக்கும், அதில் கைவைத்துத்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். கன்வேர்ட் எண்களை மாற்றி நிறத்தைக் காப்பாற்றும், அசைன் எண்களை அப்படியே விட்டுவிட்டு லேபிளை மாற்றும், அதனால் நிறம் மாறிவிடும். புரொபைல் தொலைந்த படம், அது அடோபி ஆர்ஜிபி என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியும் என்றால் மட்டும் முதலில் அதை அசைன் செய்து, அப்புறம் எஸ்ஆர்ஜிபிக்கு கன்வேர்ட் செய்யலாம். சேமிக்கும்போது புரொபைலையும் சேர்க்கும் பெட்டியில் சரி போட மறக்கவேண்டாம். வழக்கமான எஸ்ஆர்ஜிபி புரொபைல் சுமார் 3 கிலோபைட்தான், அதை மிச்சம் பிடித்து யாரும் பணக்காரர் ஆகப்போவதில்லை.

அப்படியென்றால் அடோபி ஆர்ஜிபி, புரோபோட்டோ எல்லாம் எதற்கு? நான் எடுப்பது இரணைமடுப் பக்கத்து வயல்களும் குளமும்தான். - பரந்தன்

எடிட் செய்யும்போது பெரிய இடம் நல்லது. லைட்ரூம் உள்ளுக்குள், அடோபி ஆர்ஜிபியை விடவும் பெரிய நிறவெளியான புரோபோட்டோ அளவு இடத்தில்தான் வேலை செய்கிறது, போட்டோஷொப்புக்கு அனுப்பும்போதும் 16 பிட்டில் (நிறப் படிகள் கூட உள்ள கோப்பாக) அப்படியே அனுப்பலாம். நல்ல இங்க்ஜெட் பிரிண்டரில் பெரிதாக அச்சடித்தால் அந்தப் பச்சைகளில் கொஞ்சம் கூட வரும். இணையத்துக்கு என்றால் கடைசிப்படியில் எஸ்ஆர்ஜிபி, வேறு பேச்சில்லை. மூலக் கோப்பை மாற்றாமல் ஏற்றுமதிப் பிரதியை மட்டும் மாற்றுங்கள்.

எங்கள் ஸ்ரூடியோவில் எல்லாம் எஸ்ஆர்ஜிபிதான். ஆனாலும் அல்பம் அச்சாகி வந்தால் இருட்டு, இன்ஸ்டகிராமில் போட்டாலும் இருட்டு. அச்சடிக்கும் லாப்பைப் பேசினால் எங்கள் கோப்பில்தான் பிழை என்கிறார்கள். - புதுக்குடியிருப்பு

லாப் சொல்வது சரியாக இருக்கலாம், கோபிக்கவேண்டாம். எனக்கு வருகிற முறைப்பாடுகளில் புரொபைலால் வருவதை விட மொனிட்டர் வெளிச்சத்தால் வருவதுதான் கூட. கடைக்கதவு திறந்திருக்கும், வெளியே வெயில் கொளுத்தும், அந்த வெளிச்சத்துக்கு ஈடாக மொனிட்டரின் பிரைட்னஸை முழுதாக ஏற்றி வைத்திருப்பீர்கள். அதில் பார்த்தால் எந்தப் படமும் வெளிச்சமாகத்தான் தெரியும், உங்கள் கை தானாகவே படத்தை இறக்கிவிடும். மொனிட்டர் வெளிச்சம் 80 முதல் 120 நிட்ஸ் வரை, வெண்மை 6500 கெல்வின், காமா (நடு வெளிச்சங்கள் தெரிகிற அளவு) 2.2 என்பதுதான் பொதுவாக வைக்கிற இலக்கு. நீங்கள் வாசலுக்கு முதுகு காட்டி உட்காராத மாதிரி மேசையைத் திருப்புங்கள், ஒரு திரைச்சீலை போடுங்கள். எடிட் பண்ணுகிற அறையின் சுவர் ரோஸ் நிறத்திலோ கிளிப்பச்சையிலோ இருந்தால் உங்கள் கண்ணே தோல் நிறத்தைப் பிழையாகக் கணக்குப் போடும். சாம்பல் நிறம்தான் நல்லது, பார்க்க அழகில்லைத்தான்.

விண்டோஸில் உள்ள கலிபிரேஷன் வசதி கண்ணை நம்பி வேலை செய்வது, ஒன்றுமில்லாததற்கு அது பரவாயில்லை. உண்மையான தீர்வு ஸ்பைடர் போல திரையில் வைத்து அளக்கிற கருவி ஒன்று. ஒரு கடை தனியே வாங்க யோசிக்கும், நாலைந்து கடைகள் சேர்ந்து வாங்கி மாதம் ஒருமுறை மாறி மாறிப் பாவியுங்கள், ஆளுக்காள் போட்டி என்றாலும் இதில் சேரலாம். வேறு யாருடைய மொனிட்டரிலோ எடுத்த புரொபைலைக் கொண்டுவந்து உங்கள் மொனிட்டருக்குப் போடவேண்டாம், ஒரே மொடல் என்றாலும் சரிவராது.

போனில் வடிவாகத் தெரிகிற படம் லப்டொப்பில் செத்துப்போய் இருக்கிறது. எதை நம்புவது? - வவுனியா

இரண்டையும் முழுதாக நம்பவேண்டாம். போன் திரைகள் பல, வாங்கும்போதே ‘விவிட்’ என்ற நிலையில் வரும், நிறத்தைக் கூட்டித்தான் காட்டும். அமைப்புகளில் ‘நச்சுரல்’ என்று மாற்றிவிட்டுப் பாருங்கள். மலிவு லப்டொப்களின் விபரத்தில் 45% என்டிஎஸ்சி (பழைய தொலைக்காட்சி நிற அளவை) என்று போட்டிருப்பார்கள், அந்தத் திரை எஸ்ஆர்ஜிபியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் காட்டும், அதில் எந்தப் புரொபைல் போட்டும் இல்லாத சிவப்பை வரவைக்க முடியாது. இரவில் எடிட் பண்ணுகிறவர்கள் திரையை மஞ்சளாக்கும் ‘நைட் லைட்’ அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், சில பேருடைய பிரச்சினை அதோடேயே தீர்ந்துவிடும்.

புது மொனிட்டர் வாங்கினேன். குரோமில் சரி, பயர்பொக்ஸில் சில படங்கள் மட்டும் சிவந்து கொதிக்கின்றன. - முல்லைத்தீவு

அகன்ற நிறப்பரப்புள்ள மொனிட்டராக இருக்கவேண்டும். பயர்பொக்ஸ் வழமையாகப் புரொபைல் உள்ள படங்களைத்தான் மாற்றிக் காட்டும், இல்லாதவற்றை எண்ணை அப்படியே திரைக்கு அனுப்பிவிடும். அதன் உள் அமைப்புகளில் (about:config) ‘கலர் மனேஜ்மென்ட் மோட்’ என்று தேடி, 2 என்று இருப்பதை 1 ஆக்குங்கள். அது உங்கள் திரைக்கு மட்டும்தான் மருந்து, பார்க்க வருகிறவர்களுக்காக உங்கள் படங்களில் புரொபைலைச் சேர்த்தே ஏற்றுங்கள்.

கோயில் பொங்கல் நோட்டீசுக்கு அச்சகம் தந்த ஜேபெக்கை இணையத்தில் போட்டால் நிறம் தாறுமாறு. - வற்றாப்பளை

அது அனேகமாக சிஎம்வைகே கோப்பு, அதாவது அச்சு மைகளின் நாலு நிறத்தில் எழுதியது. போட்டோஷொப்பில் திறந்து எஸ்ஆர்ஜிபிக்கு கன்வேர்ட் செய்து வேறு பெயரில் சேமியுங்கள், அச்சகக் கோப்பின் மேல் எழுதிவிடவேண்டாம்.

வாடிக்கையாளருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் கெட்டுப்போகிறதே? - மாங்குளம்

படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். ‘டொக்கியுமென்ட்’ ஆக இணைத்து அனுப்புங்கள், கோப்பு இருந்தபடியே போகும். ஆனால் வாடிக்கையாளர் அதை விவிட் திரையில் பார்த்துவிட்டு “முகம் சிவப்பாக்கிப் போட்டியள்” என்று எடுத்தால், உடனே கோப்பைத் திருத்த உட்காராமல், அவருடைய போன் அமைப்பை முதலில் கேளுங்கள்.