கிரேக்கப் புராண நாயகர்களின் நடத்தையை இன்று நாம் எடைபோடலாமா? படங்களில் காட்டுவது போல அவர்கள் நல்லவர்கள்தானா?

தாராளமாக எடைபோடலாம். "அந்தக் காலத்துக்கு அதுதான் வீரம், இன்றைய கண்ணோடு பார்த்துக் குறை சொல்லக் கூடாது" என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மூலக் கதைகளைப் படித்தால் அந்த வாதம் நிற்காது. இந்த நாயகர்களை முதன்முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர்களே கிரேக்கக் கவிஞர்கள்தான்.

அவர்களிடம் தெளிவான அளவுகோல்கள் இருந்தன. செய்த சத்தியத்தை மீறக் கூடாது. வீடு தேடி வந்த விருந்தாளி மேல் கை வைக்கக் கூடாது. முழங்காலைப் பிடித்துக் கெஞ்சுபவனைக் கொல்லக் கூடாது. செத்தவன் எதிரியே ஆனாலும் உடலுக்குரிய சடங்கைத் தடுக்கக் கூடாது. முதல் மூன்றுக்கும் தேவர்களின் அரசன் ஜீயஸே காவல். இந்த நான்கை மட்டும் வைத்துப் பார்த்தாலே பெரிய பெயர்கள் பல தேறாது.

ட்ராய் நகரப் போரில் கிரேக்கர்களின் மாவீரனான அக்கிலீஸை நம்மில் பலர் முதலில் பார்த்தது 2004-ல் வந்த 'ட்ராய்' படத்தில், பிராட் பிட் உருவில்தான். ட்ராய் இளவரசன் ஹெக்டரைக் கொன்று தேரில் கட்டி இழுத்துப்போவது அதிலும் உண்டு. ஆனால் அந்தப் போரைப் பாடும் ஹோமரின் இலியட் காவியத்தில் அந்த வெறி ஒரே நாளில் அடங்குவதில்லை. நண்பன் பட்ரோக்ளஸின் சிதையில் 12 ட்ராய் இளைஞர்களை வெட்டிப் போடுகிறான் அக்கிலீஸ். அப்புறமும் ஆறாமல், விடியும்போதெல்லாம் ஹெக்டரின் உடலை நண்பனின் சமாதியைச் சுற்றி மூன்று முறை இழுக்கிறான். பன்னிரண்டாம் நாள் காலை அப்போலோ தேவர்கள் சபையில் பொறுக்க முடியாமல் பேசுகிறான். இவனிடம் இரக்கமும் இல்லை, வெட்கமும் இல்லை என்கிறான். கூடப்பிறந்தவனையோ பெற்ற மகனையோ பறிகொடுத்தவர்கள்கூட அழுது ஓய்கிறார்கள், இவனோ உணர்வில்லாத மண்ணாகிவிட்ட உடலை இழிவுபடுத்துகிறான் என்கிறான். ஜீயஸின் மனைவி ஹெரா எதிர்த்துப் பேசியும், உடலைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஜீயஸ் கட்டளையிடுகிறார். தன் காவியத்தின் மாபெரும் வீரனைப் பற்றி, அந்தக் காவியத்துக்குள்ளேயே ஹோமர் வைத்த தீர்ப்பு இது.

படத்திலோ தெய்வங்கள் கதைக்குள் தலையிடுவதே இல்லை. அப்போலோ வெறும் சிலை. கரையிறங்கிய கையோடு அக்கிலீஸ் அந்தச் சிலையின் தலையைச் சீவிவிடுகிறான்! மூலத்தில் அவனைக் கண்டித்த வாய் முதல் சண்டையிலேயே போய்விடுகிறது. இயக்குநர் வொல்ஃப்காங் பீட்டர்சன் இதை யோசித்துத்தான் செய்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. சிதையில் வெட்டப்பட்ட அந்த 12 பேரும் படத்தில் இல்லை.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது பிரிசெயிஸ் விஷயத்தில். படத்தில் அவள் அப்போலோ கோயில் பூசாரி, ஹெக்டருக்கு உறவு, அக்கிலீஸின் காதலி. இலியட்டின் 19-ஆம் காண்டத்தில் அவளே பட்ரோக்ளஸின் உடல் மேல் விழுந்து அழுதுகொண்டு தன் கதையைச் சொல்கிறாள். கணவனும் உடன்பிறந்த மூன்று பேரும் ஒரே நாளில் செத்ததைப் பார்த்தவள். கணவனைக் கொன்றவன் அக்கிலீஸ். இப்போது அவனுடைய கூடாரத்திலேயே அடிமையாக இருக்கிறாள். அந்தப் புலம்பலை எடுத்துவிட்டுக் காதல் பாட்டுப் போலக் கதை பண்ணினால், நாயகன் நல்லவனாகத்தான் தெரிவான். ஹெக்டரின் தந்தை பிரையம் மகனின் உடலைக் கேட்டு வரும் காட்சியில் பீட்டர் ஓ'டூல் அற்புதமாக நடித்திருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் அக்கிலீஸ் எவ்வளவு கீழே இறங்கிப் போனான் என்று தெரிந்தால்தான், அந்தக் கிழவரின் கையைப் பிடித்து அவனும் அழுவதன் கனம் புரியும்.

ஜேசனுக்குச் சினிமா செய்த உதவி இன்னும் எளிமையானது: கதையைப் பாதியில் நிறுத்திவிட்டது. 1963-ல் வந்த 'ஜேசன் அண்ட் த ஆர்கோனாட்ஸ்' படத்தில் ரே ஹாரிஹவுசன் உருவாக்கிய எலும்புக்கூடுகளின் சண்டையை இன்றும் வாய் பிளந்து பார்க்கலாம். ஜேசன் தேடிப் போன தங்க ஆட்டுத்தோல் கிடைத்து, காதலி மெடியாவும் கூட வர, கப்பல் கிளம்பியதும் படம் முடிகிறது. கிரேக்க நாடகக் கவிஞர் யூரிப்பிடீஸ் தன் 'மெடியா' நாடகத்தை ஆரம்பிப்பதே அதற்குப் பிறகுதான். தனக்காகத் தாய்நாட்டையும் குடும்பத்தையும் விட்டு வந்தவளை, இரண்டு பிள்ளைகள் பிறந்த பின் ஒதுக்கிவிட்டு, கொரிந்து ராஜாவின் மகளைக் கட்டிக்கொள்கிறான் ஜேசன். உன்னைக் கிரேக்க நாட்டில் வாழ வைத்தேனே என்று கணக்கு வேறு பேசுகிறான். அவன் பேசி முடித்ததும், நாடகத்தில் பாடிக் கருத்துச் சொல்லும் கோரஸ் பெண்கள் முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள்: அழகாகப் பேசினாய், ஆனாலும் மனைவிக்குத் துரோகம் செய்துவிட்டாய். இது கி.மு. 431-ல் ஏதென்ஸில் மேடையேறிய நாடகம். மெடியா பிள்ளைகளைக் கொன்றதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அதனால் ஜேசன் செய்த சத்திய மீறல் இல்லையென்று ஆகிவிடாது.

எடைபோடும்போது ஆளையும் செயலையும் பிரித்துப் பார்க்கவும் வேண்டும். ஹெராக்ளிஸ் (ஹெர்குலிஸ்) தன் பிள்ளைகளைக் கொன்றது ஹெரா ஏவிய பித்தில். யூரிப்பிடீஸே அவன் மேல் இரக்கப்படுகிறார், நானும்தான். ஆனால் காணாமல் போன குதிரைகளைத் தேடி வந்த விருந்தாளி இஃபிடஸைத் தன் வீட்டிலேயே கொன்று, குதிரைகளையும் வைத்துக்கொண்டானே, அதை மன்னிக்க முடியாது. தெய்வ கோபத்துக்கும் அஞ்சவில்லை, தான் விருந்து படைத்த மேசையையும் மதிக்கவில்லை என்று தன் இன்னொரு காவியமான ஒடிசியிலேயே ஹோமர் கண்டிக்கிறார். 1997-ல் டிஸ்னி எடுத்த கார்ட்டூனில் இந்த இரண்டில் எதுவுமே இல்லை.

சரி, கவிஞரே கண்டிக்காத இடங்கள்? அவையும் உண்டு. தன் மனைவியைச் சுற்றி வந்த ஆண்களைக் கொன்ற பின், அவர்களோடு படுத்தார்கள் என்று 12 பணிப்பெண்களையும் தீர்த்துக்கட்டச் சொல்கிறான் ஒடிசியின் நாயகன் ஒடிசியஸ். மகன் டெலிமாக்கஸ் அவர்களைக் கயிற்றில் தொங்கவிடுகிறான். கண்ணியில் சிக்கிய பறவைகள் போல அவர்கள் கால்கள் கொஞ்ச நேரம் துடித்தன என்று எழுதும் ஹோமர், செய்தவனை ஒரு வார்த்தை குறை சொல்வதில்லை. அடிமைப் பெண்களுக்கு மறுக்கும் வழி ஏது? இங்கே நான் இன்றைய அளவுகோலைத்தான் எடுக்கிறேன், தயக்கமே இல்லாமல்.

படமாகவே பார்க்க வேண்டுமென்றால் மிஹாலிஸ் கக்கோயானிஸ் இயக்கிய 'த ட்ரோஜன் விமன்' (1971), 'இஃபிஜெனியா' (1977) இரண்டையும் பாருங்கள், இரண்டுமே யூரிப்பிடீஸிடமிருந்து வந்தவை. 'ட்ராய்' படத்தில் ஹெக்டரின் கைக்குழந்தை சுரங்க வழியாகத் தப்பிப் போகிறது. 'த ட்ரோஜன் விமன்' படத்தில், மூலத்தில் உள்ளபடியே, அந்தக் குழந்தையைக் கிரேக்கர்கள் மதில் மேலிருந்து வீசிக் கொல்கிறார்கள். உடலை வாங்கி அடக்கத்துக்குத் தயார் செய்யும் பாட்டி ஹெக்யூபாவாக நடித்திருப்பவர் காதரின் ஹெப்பர்ன்.