ஸ்பெயினின் பழமையான கிராமப்புறங்களில் ஓடுவதற்கு அழகான பாதைகள் எவை?

நான் வடக்கு ஸ்பெயினில், வயாடோலிட் நகரத்தில் சில ஆண்டுகளாக வசிக்கிறேன். வார இறுதியில் ஊருக்கு வெளியே போய் நீண்ட தூரம் ஓடுவது பழக்கம். இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் கோட்டை எங்கே, பழைய தேவாலயம் எங்கே என்று பார்த்துவிட்டு, அதைச் சுற்றி ஒரு பாதை தேடுவார்கள். என் யோசனை, முதலில் பாதையின் பூர்வீகத்தைப் பாருங்கள். அதை யார் போட்டார்கள், அதில் எதைக் கொண்டுபோனார்கள்? கோதுமைப் படகை இழுத்த கழுதைகள், சரக்கு ரயில், ஆட்டு மந்தை, ரோமானிய வண்டி என்று சுமைக்காகப் போட்ட பாதைகள் இந்த நாடு முழுக்க இருக்கின்றன. சுமை போகும் வழியைத் திடீர் ஏற்ற இறக்கத்தோடு யாரும் போட மாட்டார்கள். அதனால் அந்தத் தரை நம் முழங்காலுக்கும் மூச்சுக்கும் ஒத்துவரும். வரலாறும் அந்த வழியிலேயே கிடைக்கும், தனியாகத் தேடிப் போக வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது காஸ்தியா கால்வாய். 1753-ல், ஆறாம் ஃபெர்னாண்டோ மன்னர் காலத்தில் வேலை ஆரம்பித்தது. காஸ்தியா சமவெளியில் கோதுமை கொட்டிக் கிடந்தது, ஆனால் வெளியே கொண்டுபோக நல்ல சாலை இல்லை. படகில் ஏற்றி வடக்கே சாந்தாந்தேர் துறைமுகத்துக்கு அனுப்பிவிடலாம் என்பது திட்டம். பணத் தட்டுப்பாடு, நெப்போலியன் படையெடுப்பு என்று வேலை நின்று நின்று நடந்தது. கடைசிக் கட்டத்தில் கைதிகளையும் வைத்து வெட்டினார்கள். 1849-ல் முடித்தபோது 207 கிலோமீட்டர் கால்வாய் தயார். ஆனால் நடுவில் நின்ற காந்தாப்ரிய மலையைத் தாண்டவே முடியவில்லை. ஆலார் தெல் ரேய் என்ற ஊரோடு வடக்கு முனை நின்றுவிட்டது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ரயில் வந்து சரக்கையெல்லாம் எடுத்துக்கொண்டது. நூறு வருட உழைப்பு, பயன்பட்ட காலம் அவ்வளவுதான். அங்கே ஓடும்போதெல்லாம் இது எனக்கு மனதில் வரும்.

நமக்குக் கிடைத்திருப்பது கரையோரப் பாதை. படகுகளைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கோவேறு கழுதைகள் நடந்த வழி அது. மண் தரை, சரளை கொஞ்சம், இரண்டு பக்கமும் நெட்டை நெட்டையாகப் பாப்லர் மரங்கள். கிலோமீட்டர் கணக்கில் போனாலும் ஏற்றமே தெரியாது. புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது போவாதியா தெல் கமினோ என்ற கிராமத்துக்கும் ஃப்ரோமிஸ்தா ஊருக்கும் இடையிலான துண்டு. ஒரு வழி 6 கிலோமீட்டர் போல வரும், போய்த் திரும்பினால் 12. வடமேற்கு ஸ்பெயினின் சாந்தியாகோ தேவாலயத்துக்குக் கிறிஸ்தவர்கள் நடந்து போகும் சாந்தியாகோ யாத்திரைப் பாதையும் இந்த இடத்தில் கால்வாயோடு ஒட்டியே போகிறது.

போவாதியாவில் தேவாலயத்துக்குப் பக்கத்தில் 15-ஆம் நூற்றாண்டுக் கல்தூண் ஒன்று நிற்கும். குற்றவாளிகளைச் சங்கிலியில் கட்டி ஊர் பார்க்க நிறுத்திய தூண். அதையும் விட்டுவைக்காமல் யாத்திரிகர்களின் சிப்பி வடிவத்தைச் செதுக்கி அலங்கரித்திருக்கிறார்கள். கிட்டே போய்ப் பாருங்கள், அந்த வேலைப்பாடு அவ்வளவு நுணுக்கம். மறு முனையான ஃப்ரோமிஸ்தாவில், படகை ஒரு மட்டத்திலிருந்து அடுத்த மட்டத்துக்கு இறக்கும் மதகுத் தொட்டிகள் நான்கு, படிக்கட்டு மாதிரி அடுத்தடுத்து இருக்கின்றன. மொத்தம் 14 மீட்டர் இறக்கம். தொட்டிகளின் சுவர் நேராக இருக்காது, முட்டை வடிவில் வளைந்து போகும். பக்கத்து மண் உள்ளே தள்ளினாலும் வளைந்த சுவர் தாங்கும் என்று 18-ஆம் நூற்றாண்டில் அப்படிக் கட்டினார்கள். பிறகு கட்டிய தொட்டிகள் நீள்சதுரமாக மாறிவிட்டன. இப்போது கதவுகள் இல்லை, தண்ணீர் தொட்டிக்குத் தொட்டி அருவியாக விழுகிறது. ஓட்டத்தை முடித்துவிட்டு அந்தக் கல் விளிம்பில் உட்காருங்கள், சாரல் வந்து முகத்தில் படும். ஊருக்குள் 11-ஆம் நூற்றாண்டின் சான் மார்தீன் தேவாலயம் இருக்கிறது. அதன் கூரை விளிம்புக்குக் கீழே வரிசையாக விலங்கும் மனிதருமாக நூற்றுக்கணக்கான சிறு சிற்பங்கள். அண்ணாந்து பார்த்தபடியே தசைகளை நீட்டி இளக்கிக்கொள்ளலாம்.

ஒரே எதிரி காற்று. இது கடல் மட்டத்துக்கு மேல் 780 மீட்டர் உயரத்தில் உள்ள திறந்த சமவெளி. மறைப்பு என்று பார்த்தால் அந்தப் பாப்லர் மரங்கள்தான். போகும்போது எதிர்க்காற்றில் போங்கள், திரும்பும்போது அது முதுகில் தள்ளும். மே, ஜூனில் கோதுமை வயலுக்கு நடுவே சிவப்பாகப் பாப்பிப் பூ பூத்திருக்கும், அதுதான் உச்சமான பருவம்.

அடுத்து ரயில் பாதைகள். கைவிடப்பட்ட ரயில் தடங்களை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் திறந்துவிடும் திட்டம் ஸ்பெயினில் 1993-லிருந்து நடக்கிறது. வியா வெர்தே என்பார்கள், பசுமை வழி. இன்று 3,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. தெற்கே ஒல்வேராவிலிருந்து புவெர்த்தோ செரானோ வரை போகும் 36 கிலோமீட்டர் வழி இவற்றில் எனக்குப் பிடித்தது. 1920-களில் ஆரம்பித்து, 30 சுரங்கம் குடைந்து, பாலங்கள் போட்டு, நிலையங்களும் கட்டினார்கள். ஒரு ரயில் கூட அதில் ஓடவில்லை. ஒல்வேராவிலிருந்து கிளம்பினால் மொத்தத்தில் இறக்கம், அதனால் அந்தத் திசையே நல்லது. முழுத் தூரம் முடியாது என்றால் கோரிப்பே நிலையத்தில் ஆரம்பித்து ஸாஃப்ராமகோன் பாறை வரை போய்த் திரும்புங்கள். அந்தப் பாறையில் பாறுக் கழுகுகள் பெரும் கூட்டமாகக் கூடு கட்டி வாழ்கின்றன. இறக்கையை விரித்தால் இரண்டரை மீட்டர் அகலம். பாலத்தின் மேல் நாம் ஓடும்போது அவை நம் தலைக்கு மேலும், சில நேரம் காலுக்குக் கீழே பள்ளத்திலும் வட்டமடிக்கும். சுரங்கத்தில் ஒன்று மட்டும் ஒரு கிலோமீட்டரை நெருங்கும் நீளம். விளக்கு உண்டு, இருந்தாலும் தலை விளக்கு ஒன்று கையோடு வைத்துக்கொள்ளுங்கள். வெயிலிலிருந்து சட்டென்று உள்ளே நுழைந்தால் சில விநாடிகள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எதிரே சைக்கிள் வந்தால் ஆபத்து.

இனி ஆட்டுப் பாதைகள். வெளிநாட்டிலிருந்து வரும் ஓட்டக்காரர்களுக்கு இதைப் பற்றி அதிகம் தெரியாது என்பது எனக்கு வருத்தம். கோடையில் வடக்கு மலைகளுக்கும் குளிரில் தெற்குச் சமவெளிக்கும் மெரினோ ஆடுகளை ஓட்டிப்போன வழிகள் இவை. கன்யாதா என்று பெயர். இடையர்களின் சங்கமான மெஸ்தாவுக்கு 1273-ல் பத்தாம் அல்ஃபோன்சோ மன்னர் அரச அங்கீகாரம் கொடுத்தார். 1836 வரை அது இருந்தது. பெரிய கன்யாதாவுக்கு 75 மீட்டர் அகலம் என்பது சட்டம். நெடுஞ்சாலையை விட அகலமான புல்வழி! 1995-ன் சட்டப்படி இவை பொதுச் சொத்து, நடக்கவோ ஓடவோ யாரும் தடுக்க முடியாது. உழுது வயலாக்கியும் கட்டடம் கட்டியும் பல இடங்களில் விழுங்கிவிட்டார்கள். ஆனாலும் செகோவியாவுக்குப் பக்கத்தில், குவாதராமா மலையின் அடிவாரத்தில், தோரேகபாயேரோஸ் ஊரை ஒட்டி நன்றாகவே இருக்கிறது. வழியில் கபானியாஸ் என்ற இடத்தில் பழைய ரோமம் கத்தரிக்கும் மாளிகையின் கட்டடம் நிற்கிறது. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் எல்லையில்லாத வெளி, காலுக்கு மெத்தென்ற புல். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம் என்பதால் முதல் நாள் மூச்சு வாங்கும், வேகத்தைக் குறையுங்கள்.

கன்யாதாவில் போனால் மஸ்தீன் நாயைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். மந்தையை ஓநாயிடமிருந்து காக்கும் நாய், அறுபது எழுபது கிலோ இருக்கும். கழுத்தில் முள் வைத்த பட்டை போட்டிருந்தாலும் போட்டிருக்கும். ஓடி வரும் மனிதனை அது சந்தேகமாகத்தான் பார்க்கும். மந்தை தெரிந்த உடனே ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். சுற்றி விலகிப் போங்கள், ஆட்டுக்கும் நாய்க்கும் நடுவே நுழையாதீர்கள். கத்துவது, கல்லெடுப்பது எல்லாம் வேண்டாம். இடையர் பக்கத்தில் இருந்தால் வணக்கம் சொல்லுங்கள், அவரே நாயைக் கூப்பிட்டுக்கொள்வார்.

ரோமானியப் பாதை வேண்டும் என்றால் மெரிதாவுக்குப் போங்கள். கி.மு. 25-ல் அகஸ்டஸ் தன் ஓய்வுபெற்ற படைவீரர்களுக்காக அமைத்த ஊர். லோஸ் மிலாக்ரோஸ் நீர்ப்பாலத்தின் தூண்களுக்கு அடியில் ஆரம்பித்து, ஊருக்கு வடக்கே 5 கிலோமீட்டரில் உள்ள ப்ரோசெர்பினா நீர்த்தேக்கம் வரை ஓடலாம். அந்த அணையிலிருந்துதான் இந்த நீர்ப்பாலம் வழியாக ஊருக்குத் தண்ணீர் வந்தது. ஆக, தண்ணீர் வந்த திசைக்கு எதிராக ஓடி அதன் தலைமடையில் போய் நிற்கிறீர்கள். தூண்களின் உச்சியில் நாரைகள் கூடு கட்டியிருக்கும். மெரிதாவிலிருந்து வடக்கே வியா தே லா ப்லாதா என்ற பழைய ரோமானியச் சாலை நீள்கிறது. அதில் காபர்ரா என்ற இடிந்த ரோமானிய ஊரில் நான்கு முகம் கொண்ட ரோமானிய வளைவுக்கு அடியிலேயே பாதை போகிறது, பார்க்க வேண்டிய இடம். ஆனால் அதற்கு முன்னும் பின்னுமாக கார்காபோசோவுக்கும் அல்தேயானுவேவாவுக்கும் நடுவே 40 கிலோமீட்டருக்கு ஒரு கிராமமும் கிடையாது. துணையும் தண்ணீரும் இல்லாமல் அங்கே ஓடப் போகாதீர்கள்.

சாந்தியாகோ யாத்திரைப் பாதையின் கடைசி 100 கிலோமீட்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். யாத்திரை முடித்த சான்றிதழுக்குக் குறைந்தது அவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதால் கோடையில் சார்ரியாவிலிருந்து ஒரே கூட்டம். பிரார்த்தனையோடு நடப்பவர்களை முந்திக்கொண்டு ஓடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம் சில நடைமுறை விஷயங்கள். ஜூலை, ஆகஸ்டில் தெற்குப் பக்கம் போகவே வேண்டாம், 40 டிகிரி சாதாரணம். அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை வேட்டைப் பருவம், வார இறுதியில் பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடுங்கள். பாதையில் வேட்டை அறிவிப்புப் பலகை வைத்திருந்தால் வேறு வழி பாருங்கள். கிராமத்துக் குழாய்களில் குடிக்க உகந்ததல்ல என்று எழுதியிருக்கிறதா என்று கவனியுங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் கடைகள் மூடிவிடும், ஞாயிற்றுக்கிழமை திறப்பதே அபூர்வம். அவசரத்துக்கு எண் 112.

உங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் கால்வாயையே தேர்ந்தெடுங்கள். பலென்சியாவிலிருந்து சாந்தாந்தேர் போகும் பாதையில் ஃப்ரோமிஸ்தாவில் ரயில் நிலையம் இருக்கிறது. நிறுத்தம் எல்லா வண்டிக்கும் கிடையாது, அதனால் திரும்பும் ரயிலின் நேரத்தை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மதகுத் தொட்டிகளிலிருந்து கிளம்பி போவாதியா போய்த் திரும்பி, குளித்து உடை மாற்ற வழியில்லாவிட்டாலும் சாப்பிட்டுவிட்டு, மாலை வண்டியைப் பிடித்துவிடலாம்.