தினமும் போனதற்கு ‘வாஸ் கோயிங்’ வருமா?

கேள்வி: சின்ன வயதில் தினமும் சைக்கிளில்தான் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன் என்பதை ‘ஐ வாஸ் கோயிங் டு ஸ்கூல் பை சைக்கிள் எவ்ரி டே’ என்றேன். மகள் தப்பு என்கிறாள். அப்படியா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: மகள் சொல்வதுதான் சரி. தமிழில் ‘போய்க்கொண்டிருந்தேன்’ பழக்கத்துக்கும் வரும், அந்த நேரத்தில் பாதியில் இருந்த செயலுக்கும் வரும்; ஆங்கிலம் இரண்டையும் பெரும்பாலும் பிரித்துவிடும். பழக்கம் என்றால் ‘ஐ வென்ட்’ அல்லது ‘ஐ யூஸ்ட் டு கோ’. ‘வாஸ் கோயிங்’ வேண்டுமென்றால் வழியில் ஏதாவது குறுக்கிடட்டும்: ‘ஐ வாஸ் கோயிங் டு ஸ்கூல் வென் தி செயின் ப்ரோக்.’

‘வென் ஹீ கேம், ஐ வாஸ் மேக்கிங் டீ’ என்றால் அவர் வரும்போதே டீ அடுப்பில் இருந்தது, ‘ஐ மேட் டீ’ என்றால் அவர் தலையைப் பார்த்த பிறகுதான் பாலையே வைத்தீர்கள். (விருந்தாளியிடம் எதைச் சொல்வது என்பது உங்கள் சாமர்த்தியம்.)

அப்புறம், ‘ஐ வாஸ் நோயிங் ஹிம்’ வேண்டாம், ‘ஐ நியூ ஹிம்’ போதும். ஒரு விதிவிலக்கு உண்டு: பழக்கத்தை எரிச்சலோடு சொல்ல ‘ஹீ வாஸ் ஆல்வேஸ் கம்ப்ளைனிங்’ என்பார்கள், அது சரியான ஆங்கிலம்தான்.